பூட்டின வீடு என்று நான் சொன்னேன்

என் கடையில், பாஸ்போட் படம் எடுக்கிற நீலத் திரைக்குப் பக்கத்தில், ஒரு சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அனர்த்த காலத்தில் சமூக ஊடகங்களைப் பொறுப்போடு பயன்படுத்துவது எப்படி என்று மன்னார் நகரத்தில் ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். அதற்குப் போய்வந்ததற்கான சான்றிதழ். பகல் சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்தால் ஆறு மணித்தியாலம் உட்கார்ந்திருப்பேன். அதற்குப் பிறகு என் மண்டைக்கனத்தைப் பிடிக்க எங்கள் முசலிப் பக்கத்தில் ஆளே இல்லை. சட்டம் போட்டவனும் நான்தான், ஆணி அடித்து மாட்டியவனும் நான்தான்.

வெள்ளம் வந்து போனபின் அதைக் கழற்றிவிட வேண்டும் என்று பலமுறை நினைத்தேன். கழற்றினால் ஏன் கழற்றினாய் என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அது இன்னும் அங்கே தொங்குகிறது.

போட்டோகொப்பி, போனுக்கு ரீலோட், பாஸ்போட் படம் என்று ஓடுகிற சின்னக் கடை என்னுடையது. ஊருக்கென்று ஒரு வட்ஸ்அப் குழுவும் ஒரு முகநூல் பக்கமும் உண்டு. இரண்டையும் தொடங்கியவன் நான். மௌத்து, அடக்கம், கலியாணம், கரண்ட் வெட்டு, காணாமல் போன மாடு எல்லாம் அதில்தான் வரும். ஆனால் குழுவில் இருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஊரில் இல்லை. இதைக் கொஞ்சம் விளக்கிச் சொன்னால்தான் நான் செய்தது என்னவென்று விளங்கும்.

சண்டைக் காலத்தில், தொண்ணூறாம் ஆண்டு, இயக்கம் வெளியேறச் சொல்லி எங்கள் முஸ்லிம் சனம் முழுவதும் ஊரைவிட்டுப் போகவேண்டி வந்தது. போய்ச் சேர்ந்த இடம் புத்தளம். நான் பிறந்ததே அங்கே ஒரு முகாமில், ஓலைக் கொட்டிலில். சண்டை முடிந்து ஊர் திறந்தபோது சிலர் முழுதாகத் திரும்பினார்கள், சிலர் பாதியாகத் திரும்பினார்கள். பாதியாக என்றால், இங்கே காட்டை வெட்டிக் காணியைத் துப்புரவாக்கி, உதவியாகக் கிடைத்த சின்ன வீட்டையும் கட்டி முடித்துவிட்டு, தொழிலுக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் புத்தளத்திலேயே தங்கிவிட்டார்கள். விதைப்புக்கு வருவார்கள், பள்ளிக்கூட லீவுக்கு வருவார்கள், பெருநாளைக்கு வருவார்கள். மற்ற நாட்களில் வீடு பூட்டிக் கிடக்கும். ஊரின் தெற்கு ஓரத்தில், வயலை ஒட்டின பள்ளத்தில், அப்படி ஒரு வரிசை வீடுகள் இருக்கின்றன.

யாராவது நிவாரணமோ தண்ணீர்த் தாங்கியோ கொண்டுவந்தால் முதலில் வருகிற கேள்வி, யார் ஊரில் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதுதான். சண்டை பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், ஒருநாள் நான் கடைக் கொம்பியூட்டரில் ஒரு பட்டியல் செய்தேன். குடும்பத் தலைவரின் பெயர், எத்தனை பேர், கடைசிக் கட்டத்தில் ‘ஊரில்’ அல்லது ‘புத்தளத்தில்’. அது அரசாங்கத்தின் பட்டியல் இல்லை. ஆனாலும் பள்ளிவாசல் நிர்வாகம் அதைக் கேட்டு வாங்கியது, கிராம சேவகர் கேட்டு வாங்கினார், நிவாரணம் கொண்டுவருகிறவர்களும் நேரே என் கடைக்கு வந்தார்கள். கொஞ்ச நாளில், என் பட்டியலில் யார் ஊர்க்காரர் என்று இருக்கிறதோ அவர்தான் ஊர்க்காரர் என்று ஆகிவிட்டது. எனக்கு அது பிடித்திருந்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. என் மூத்த மகள் புத்தளத்தில்தான் படிக்கிறாள். அவளுக்குத் துணையாக என் மனைவியும் வருடத்தில் பெரும்பகுதி அங்கே தாய்வீட்டில்தான். அவர்களையும் சேர்த்து என் பெயருக்கு எதிரே நான் ‘ஊரில்’ என்று போட்டிருந்தேன். நான் இங்கே நிற்கிறேன்தானே என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன். மற்றவர்களின் நியாயத்தைக் கேட்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

அந்தத் தெற்கு ஓரத்துக் கடைசி வீட்டுக்காரரை, அண்ணன் முறைக்கு, நான் ‘நானா’ என்று கூப்பிடுவேன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். புத்தளத்தில் உப்பளத்தில் வேலை. ஒரு வறட்சிக் காலத்தில் உலருணவுப் பொதி கொடுத்தபோது, காலை பஸ்ஸில் வந்து இறங்கினார், பொதியை வாங்கினார், மத்தியான பஸ்ஸில் போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றே முகநூலில் எழுதினேன்: “சில பேருக்கு ஊர்ப்பாசம் பஸ் நிற்கிற நேரத்துக்குள் வந்து முடிந்துவிடும்.” பெயர் போடவில்லை. பெயர் போடாமலே எல்லோருக்கும் விளங்கியது. சிரிக்கிற முகங்கள் வந்து குவிந்தன. அவரும் அதைப் பார்த்திருப்பார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வெள்ளம் வந்த வருடம், மாரிமழை தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்பு இன்னொன்றும் போட்டேன். பூட்டிக் கிடக்கிற வீடுகளைக் கணக்கெடுக்கப் போகிறோம், மாதக் கடைசியில் வீடு வீடாக வந்து பார்ப்போம், ஆள் இல்லாத வீட்டுக்காரரின் பெயர் பட்டியலில் இருந்து வெட்டப்படும் என்று. அப்படி ஒரு முடிவை யாரும் எடுக்கவில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்தில் பேச்சுக்கூட எழவில்லை. கடையில் வேலை இல்லாத ஒரு பின்னேரம், யாருடனோ வாக்குவாதப்பட்ட சூட்டில், நானாகவே எழுதியது. ‘போகிறோம்’ என்று பன்மையில் எழுதினேன். நான் ஒருத்தன் மட்டும்தான்.

பிறகு மழை வந்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. அருவியாறு பெருகியது, மேலே குளங்களைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. மூன்றாம் நாள் விடியும்போது ஊரின் பள்ளமான பகுதியெல்லாம் தண்ணீர். மேட்டில் இருக்கிற பள்ளிக்கூடத்தில் சனம் வந்து நிறைந்தது. என் கடையும் மேட்டில்தான். கரண்ட் போய்விட்டது. ஒரு பழைய பற்றரியில் போனைச் சாச் பண்ணிக்கொண்டு நான் கடையிலேயே உட்கார்ந்தேன்.

வங்காலையிலிருந்து மீனவர்கள் மூன்று படகுகளை லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள், பாலத்துக்கு மேல் தண்ணீர் ஏறுவதற்கு முன்பே. யாரும் அவர்களைக் கேட்கவில்லை. கேள்விப்பட்டார்கள், வந்தார்கள். நான் உடனே இன்னொரு சின்னக் குழுவைத் தொடங்கினேன். படகுக்காரர்கள், கிராம சேவகர், பள்ளிவாசல் தலைவர், நான். ஊர்க் குழுவில் வருகிற உதவிக் குரல்களை நான் பார்த்து, உண்மை என்று தெரிந்தால் மட்டும் இந்தக் குழுவுக்கு அனுப்புவேன். பயிற்சியில் அப்படித்தான் சொல்லித்தந்தார்கள். உண்மைக்குப் பச்சைச் சரி, பொய்க்குச் சிவப்புப் புள்ளடி.

காலையில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. குளக்கட்டு உடைந்துவிட்டது, எல்லோரும் ஓடுங்கள் என்று ஒரு குரல் பதிவு சுற்றியது. சனம் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடத் தொடங்கியது. நான் நீர்ப்பாசனக் கந்தோரில் தெரிந்த ஒருவரைப் பிடித்து விசாரித்தேன். கட்டு உடையவில்லை. சிவப்புப் புள்ளடி போட்டேன். பதற்றம் அடங்கியது. ஆட்கள் எனக்கு நன்றி எழுதினார்கள். ஒருவர், “நீங்கள் இல்லாட்டி ஊர் இண்டைக்குக் குழம்பியிருக்கும்” என்று எழுதினார். அதை நான் இரண்டு தரம் வாசித்தேன்.

பத்து மணிபோல நானாவின் செய்தி ஊர்க் குழுவில் வந்தது. புத்தளத்தில் இருந்துதான் அனுப்பியிருந்தார். ஒரு படம், ஒரு குரல் பதிவு, கீழே நாலு வரி. “என்ர உம்மாவும் மனிசியும் மூண்டு பிள்ளைகளும் ஊர் வீட்டில நிக்கினம். தண்ணி ஜன்னல் மட்டத்துக்கு வந்திட்டுதாம். வீடு இதுதான். தயவுசெய்து ஒரு படகை அனுப்புங்கோ.”

படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். வீட்டைச் சுற்றிக் கணுக்கால் அளவுத் தண்ணீர். முற்றத்தில் வேப்பமரம் நிற்கிறது. அந்த வேப்பமரம் போன வருடத்துக் காற்றில் விழுந்துவிட்டது. விழுந்த மரத்தைப் படம் எடுத்துப் பக்கத்தில் போட்டவனே நான்தான். பழைய படம்! பட்டியலைத் திறந்தேன். அவருடைய பெயருக்கு எதிரே ‘புத்தளத்தில்’. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று தோன்றியது. வெள்ளம் வடிந்ததும் நட்டஈடு வரும், அதற்கு இப்போதே அடையாளம் வைக்கிறார் என்று முடிவுகட்டினேன். உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் வந்தது. அந்தச் சந்தோஷத்தைத்தான் என்னால் இன்றைக்கும் செமிக்க முடியவில்லை.

குரல் பதிவை நான் கேட்கவில்லை. படமே பொய் என்றானபிறகு அதைக் கேட்டு என்ன என்று விட்டுவிட்டேன்.

அவருடைய செய்தியை அழித்தேன். அட்மினுக்கு அந்த வசதி இருக்கிறது. சிவப்புப் புள்ளடி போட்டு எழுதினேன்: “பழைய படம். இந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. நிவாரணத்துக்காகப் பொய் பரப்பி மீட்புப் பணியைக் குழப்ப வேண்டாம்.” அவரைக் குழுவிலிருந்தும் நீக்கினேன். பிறகு அவர் எனக்குக் கோல் பண்ணத் தொடங்கினார். பற்றரி குறைவாக இருக்கிறது என்று காரணம் சொல்லி நான் எடுக்கவில்லை. மற்றவர்களின் கோலை எடுத்தேன்.

அவர் சும்மா இருக்கவில்லை. அவசர இலக்கத்துக்கு எடுத்திருக்கிறார், பள்ளிவாசலுக்கு எடுத்திருக்கிறார், கிராம சேவகருக்கும் எடுத்திருக்கிறார். எல்லாக் கேள்வியும் சுற்றிச் சுற்றி என்னிடமே வந்தது. கிராம சேவகர் கேட்டார்:

“தெற்குப் பக்கம் கடைசி வீட்டில ஆக்கள் நிக்கினமாம் எண்டு சொல்லினம். உண்மையோ தம்பி?”

“பொய் சேர். போன வருசத்துப் படம். அவை புத்தளத்தில. பட்டியல்ல பாருங்கோ.”

“அப்ப சரி. உங்களுக்குத்தானே தெரியும்.”

அந்தப் பக்கத்தில் நின்ற மற்ற வீடுகளும் பூட்டியவைதான். அதனால் அங்கே யாரும் நிற்கிறார்களா என்று சொல்ல அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை. நானாவின் மனைவி பிள்ளைகளோடும் மாமியோடும் இரண்டு நாளுக்கு முன்பு கடைசி பஸ்ஸில், மழைக்குள் வந்து இறங்கியதை ஊரில் யாரும் காணவில்லை. இது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

பின்னேரம் படகுக்காரர்களில் ஒருவரான வங்காலை அண்ணை படகில் இருந்தபடி கோல் எடுத்தார். ஐம்பது வயது தாண்டியவர், கடலில் பழுத்த மனிதர். இயந்திரச் சத்தத்துக்கு மேலால் கத்தினார்.

“தம்பி, இந்தத் தெற்குக் கரையில கடைசியா ஒரு வீடு தெரியுது. தண்ணித் தாங்கி வைக்கிற தூணில சிவப்பா ஏதோ கட்டியிருக்கிற மாதிரிக் கிடக்குது. தண்ணி இழுவை கூடவாக் கிடக்கு. போய்ப் பாக்கவோ?”

“வேண்டாம் அண்ணை. அது பூட்டின வீடு. அங்க ஆரும் இல்லை. மற்றப் பக்கம் ஆக்கள் நிக்கினம், அங்க போங்கோ.”

“வடிவாத் தெரியுமோ?”

“வடிவாத் தெரியும் அண்ணை.”

அவர் படகைத் திருப்பினார். மற்றப் பக்கத்தில் உண்மையாகவே ஆட்கள் நின்றார்கள், அவர்களை ஏற்றினார். அதை வைத்து என்னைக் கொஞ்சம் ஆறுதல்படுத்தலாமா என்று பலமுறை முயன்றிருக்கிறேன். சரிவரவில்லை.

அடுத்தநாள் விடிந்ததும் அந்த அண்ணை யாரையும் கேட்காமல் தெற்குக் கரைக்குப் போயிருக்கிறார். சிவப்புத் துணி மனதுக்குள் நின்றதாம். ஒன்பது மணிக்கு முன்பே பள்ளிக்கூடத்து மேட்டில் படகு வந்து ஒதுங்கியது. நான் போனோடு அங்கே நின்றேன், படம் எடுப்பதற்காக. முதலில் மூன்று பிள்ளைகள் இறங்கினார்கள், உதடு வெளிறி. பிறகு நானாவின் மனைவி. கடைசியாக நானாவின் உம்மாவை இரண்டு பேர் கதிரையோடு தூக்கி இறக்கினார்கள்.

அண்ணை என்னைக் கண்டதும் கிட்ட வந்தார்.

“தம்பி, பூட்டின வீடெண்டு சொன்னனீங்கள். ஆக்கள் இருந்தவை.”

அவ்வளவுதான் சொன்னார். ஏசவில்லை. தலையில் கட்டின துவாயை அவிழ்த்துப் பிழிந்துகொண்டு படகுக்குத் திரும்பிப் போனார். அவர் ஏசியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். எனக்கு அந்த வசதியும் கிடைக்கவில்லை.

நானாவின் மனைவி மூன்று பிள்ளைகளையும் தண்ணீர்த் தாங்கித் தூணின் மேல்தட்டில் ஏற்றிவிட்டிருக்கிறார். மாமியால் ஏற முடியவில்லை. வீட்டுக்குள் மேசையில் கதிரையை வைத்து அதில் இருத்தியிருக்கிறார்கள். தண்ணீர் மேசைக்கு மேலும் வந்தது. ஒரு பகலும் ஓர் இரவும் அந்த மனுசி முழங்கால்வரை தண்ணீருக்குள் காலை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். சீனி வருத்தக்காரி. வலது காலில் ஏற்கெனவே ஆறாத புண்.

நான் அப்போது என்ன செய்தேன் என்பதை எழுதவேண்டும். ஓடிப்போய் அவர்களின் காலில் விழவில்லை. கடைக்குப் போனேன். முதல்நாள் போட்ட சிவப்புப் புள்ளடிப் பதிவைத் தேடி எடுத்து அழித்தேன். முகநூல் பக்கத்திலும் அழித்தேன். அதன்பிறகு படகுப் படத்தைப் போட்டு, “தெற்குக் கரையில் சிக்கியிருந்த ஐந்து பேர் எமது மீட்புக் குழுவின் முயற்சியால் பாதுகாப்பாக மீட்கப்பட்டனர், அல்ஹம்துலில்லாஹ்” என்று எழுதினேன். பச்சைச் சரியும் போட்டேன். அன்று பின்னேரத்துக்குள் அந்தப் பதிவு வெளிநாடுகள் வரைக்கும் போய்விட்டது. கட்டாரில் இருந்தெல்லாம் துஆ வந்தது.

எல்லாம் முடிந்தபிறகுதான் நானா எனக்குத் தனியாகவும் அனுப்பியிருந்த அந்தக் குரல் பதிவை அழுத்தினேன். அவருடைய மனைவியின் குரல். அழவில்லை. பொறுமையாக, கடைக்குச் சாமான் சொல்லி அனுப்புகிற மாதிரிச் சொல்லிக்கொண்டு போகிறார்: “படகுக்காரருக்குச் சொல்லுங்கோ, ரோட்டால வர ஏலாது, வயல் பக்கத்தால வரச்சொல்லுங்கோ. என்ர சிவப்பு முந்தானையைத் தூணில கட்டியிருக்கிறன். மாமியால ஏற ஏலாமக் கிடக்கு, அவவைத்தான் முதல்ல எடுக்கோணும். போனில சாச் முடியப்போகுது. ஊர்க் குரூப்பில போடுங்கோ, அங்க போட்டா உடன பாப்பினம்.” பின்னால் மழைச் சத்தமும், சின்னவன் எதையோ கேட்டுச் சிணுங்குவதும். நாற்பது விநாடிகூட இல்லை. படகுக்காரர் வீட்டை எப்படி அடையாளம் காண்பார்கள் என்று நானா யோசித்திருக்கவேண்டும், அதற்காகத்தான் தன்னிடம் இருந்த ஒரே படத்தைப் போட்டிருக்கிறார். வீட்டைக் காட்டத்தான் படம். தண்ணீரைக் காட்ட இல்லை.

நானாவின் உம்மாவை மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கால் கறுத்துவிட்டிருந்தது. கொஞ்ச நாள் பார்த்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒருநாள் முந்தி வந்திருந்தால் கால் மிஞ்சியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. யாரையும் கேட்கவும் எனக்குத் துணிவில்லை.

தண்ணீர் வடிந்தபின் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் வைத்து, படகுக்காரர்களைப் பாராட்டினார்கள். என்னையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். போகாமல் இருந்திருக்கலாம். காய்ச்சல் என்றாவது சொல்லியிருக்கலாம். போனேன். பொன்னாடை போர்த்தினார்கள். என் தகவல்களில் ஒன்றுகூடப் பிழை இல்லை என்று ஒருவர் பேசினார். வங்காலை அண்ணை எனக்குப் பக்கத்துக் கதிரையில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, முன்னால் பார்த்தபடி இருந்தார். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. கழுத்தெல்லாம் வேர்த்து வழிந்தது, பொன்னாடையைக் கழற்றவும் கூச்சமாக இருந்தது.

அதற்கு அடுத்த கிழமை நானா கடைக்கு வந்தார். ஆஸ்பத்திரித் துண்டுகளைப் போட்டோகொப்பி எடுக்க வேண்டுமாம். ஒரு தாள் கோணலாக விழுந்தது, திரும்ப எடுத்தேன். எந்த நேரத்தில் வெடிப்பார் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது இது:

“பிழை என்ரதான். பழைய படத்தைப் போட்டிட்டன். அதைப் பாத்தால் ஆர்தான் நம்புவினம்? மனசில ஒண்டும் வைக்காதைங்கோ.”

“சே, என்ன நானா,” என்றேன். கொப்பிக்கு உரிய காசை வேண்டாம் என்றேன். அவர் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவர் எவ்வளவு அப்பாவி மனிதர் என்று அன்று இரக்கப்பட்டேன். என் மூளை அந்த அளவுதான் ஓடியது.

இரண்டு மாதம் அப்படியே போனது. மனைவியையும் மகளையும் பார்க்கப் புத்தளம் போன ஒரு முறை, தோடம்பழமும் ஒரு பெட்டி பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு நானாவின் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். மதவாச்சியைச் சுற்றிப் போகிற பஸ்ஸில் வழி முழுவதும் வசனங்களை அடுக்கி வைத்திருந்தேன்.

அவருடைய உம்மா முன் அறையில், ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

“வாங்கோ மகன், இருங்கோ. உங்களைத்தான் நினைச்சுக்கொண்டு இருந்தனான்.”

மருமகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். என்னை நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

“மாமி, இப்ப எப்பிடி இருக்கு?” என்றேன்.

“அல்லாஹ் போதுமானவன். அதை விடுங்கோ. உங்களிட்ட ஒண்டு கேக்கோணும்.” என் கையைப் பிடித்துக்கொண்டார். “என்ர பேரை வெட்டிப்போட்டீங்களோ?”

எனக்கு முதலில் விளங்கவில்லை.

“பூட்டின வீடுகளைப் பாக்க வாறீங்கள், ஆக்கள் இல்லாட்டிப் பேர் வெட்டுப்படும் எண்டு நீங்கள் போனில போட்டிருந்தீங்களாம். மகனுக்கு வேலை. அதான் நான் மருமகளையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தனான். மழை எண்டு அவள் மாட்டன் எண்டவள், நான்தான் நிண்டு பிடிச்சனான். நீங்கள் வந்து பாக்கிற அண்டைக்கு வீடு திறந்து கிடக்கோணும் எண்டு. முத்தமெல்லாம் கூட்டி வைச்சனாங்கள் மகன். வெள்ளத்துக்குள்ள நான் ஊரிலதானே இருந்தனான். நீங்களும் கண்டனீங்கள்தானே, என்னைக் கதிரையோட இறக்கினதை? நீங்கள்தான் சாட்சி. ஊரில இருந்தனான் எண்டு எழுதிவிடுங்கோ. எனக்கு அந்த மண்ணிலதான் மௌத்தாகோணும்.”

நான் போனை எடுத்துப் பட்டியலைத் திறந்து, அவர் முன்னாலேயே நானாவின் பெயருக்கு எதிரே இருந்த ‘புத்தளத்தில்’ என்பதை அழித்து ‘ஊரில்’ என்று எழுதினேன். திரையை அவருக்குக் காட்டினேன். அவருக்கு எழுத்துத் தெரியவில்லை, கண்ணாடி இல்லை. ஆனாலும் தலையாட்டி, “உங்களுக்கு அல்லாஹ் நல்லதைத் தருவான்” என்று என் தலையைத் தடவினார்.

நானா என்னோடு வாசல் படலைவரைக்கும் வந்தார். அங்கே வைத்துச் சொன்னேன். செய்தியை அழித்தது, கோலை எடுக்காதது, கிராம சேவகருக்குச் சொன்னது, படகைத் திருப்பிவிட்டது, எல்லாவற்றையும். குரல் பதிவைக் கேட்காமல் விட்டதையும் சொன்னேன். சொல்லும்போது அவருடைய செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தெரியும்,” என்றார்.

நான் நிமிர்ந்தேன்.

“அண்டைக்கே தெரியும். கிராம சேவகர் எனக்குச் சொன்னவர், நீங்கள்தான் பொய்யெண்டு சொன்னதெண்டு. படகுக்காரரும் சொன்னவர். மனிசிக்கும் தெரியும். உம்மாவுக்கு மட்டும் சொல்லேல்ல.”

“அப்ப ஏன் நானா அண்டைக்குக் கடையில வந்து…”

அவர் வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பட்டியல் உங்களிட்டத்தானே கிடக்குது. உங்களோட கோவிச்சு நாங்கள் எங்க போறது? உம்மா அங்க போய் அடங்கோணும் எண்டு இருக்கிறா. பேரை மட்டும் வெட்டிப்போடாதைங்கோ, தம்பி.”

தம்பி என்று அவர் என்னை எப்போதும் கூப்பிடுகிறவர்தான். ஆனால் அன்று அவர் கைகட்டி நின்றார். என்னைவிட மூத்த மனிதர், உம்மாவின் காலைப் பறிகொடுத்தவர், தன் வீட்டுப் படலையில், எனக்கு முன்னால் கைகட்டி நின்றார்.